‘பராமரிப்பு: குறைவு’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரேடாருக்கு எளிதில் புலப்படாத ஐந்தாம் தலைமுறைப் போர் விமானங்கள் நான்கினை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அமெரிக்காவின் எஃப்-22, எஃப்-35, சீனாவின் ஜே-20, ரஷ்யாவின் சுகோய்-57 ஆகியவற்றின் வேகம், பறக்கும் உயரம், செல்லும் தொலைவு, சுமக்கும் ஏவுகணைகள் ஆகிய விவரங்களை ஒரே அட்டவணையில் தொகுத்துத் தந்திருந்தது பாராட்டத்தக்கது. என்னை இக்கடிதம் எழுத வைத்தது அந்த அட்டவணையின் கடைசி வரிசை. ‘பராமரிப்புத் தேவை’ என்ற தலைப்பின் கீழ், அமெரிக்க விமானங்கள் இரண்டுக்கும் ‘மிக அதிகம்’ என்றும் மற்ற இரண்டுக்கும் ‘குறைவு’ என்றும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. முதல் தீர்ப்பு பாதி உண்மை. இரண்டாவது தீர்ப்புக்கு ஆதாரமே இல்லை.

நான் பயணிகள் விமானங்களின் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். போர் விமானம் எதிலும் நான் கை வைத்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும், ஒரு மூடித்தகட்டைக் கழற்றி மாட்டுவதற்கும், மாட்டிய பிறகு அந்த விமானம் பறக்கத் தகுதியானது என்று பதிவேட்டில் கையெழுத்திடுவதற்கும் இடையே எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை அறிவேன். அந்த அனுபவத்தோடு, பொதுவெளியில் உள்ள அறிக்கைகளையும் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ரேடாருக்கு எளிதில் புலப்படாத இத்தகைய ‘ஸ்டெல்த்’ விமானம் என்றவுடன் பலரும் ஏதோ ஒரு மாயப் பூச்சை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ரேடாரிடமிருந்து தப்புவதில் பெரும்பங்கு விமானத்தின் வடிவத்துக்குத்தான். மோதும் அலைகள் வந்த திசையிலேயே திரும்பிச் செல்லாமல் வேறு பக்கம் சிதறும்படி உடலின் பரப்புகளையும் விளிம்புகளையும் அமைப்பதே இதன் அடிப்படை. விளிம்புகளில் அலைகள் எப்படிச் சிதறுகின்றன என்பதைக் கணக்கிடும் முறையை 1962இல் வெளியிட்டவர் சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்ட்சேவ். அதை மொழிபெயர்த்துப் படித்துப் பயன்படுத்திக்கொண்டவர்களோ அமெரிக்கர்கள். அந்தக் கணக்கின் வழியே பிறந்த எஃப்-117 விமானம் 1981இல் முதன்முதலாகப் பறந்து, 1988 வரை உலகுக்குக் காட்டப்படாமலே இருந்தது. வடிவத்தால் தவிர்க்க முடியாத மிச்ச எதிரொலியைத்தான் பூச்சு விழுங்குகிறது.

பராமரிப்பாளரின் தலைவலி தொடங்குவது இந்த மிச்சத்தில்தான். ஒரு பேனலுக்கும் அடுத்த பேனலுக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தாலும், ஒரு திருகாணியின் தலை சற்றே துருத்திக்கொண்டிருந்தாலும், அந்த இடம் ரேடார் அலைக்கு ஒரு முட்டுக்கட்டை. அங்கிருந்து எதிரொலி கிளம்பும். ஆகவே இடைவெளிகளை மின்கடத்தும் பொருளால் நிரப்புகிறார்கள், திருகாணித் தலைகளின் மேல் பசையைப் பூசி மட்டம் செய்கிறார்கள், விளிம்புகளில் பட்டையொட்டிகளை ஒட்டுகிறார்கள், அவற்றின் மேல் பூச்சடிக்கிறார்கள். சாதாரண விமானத்தில் தோல் என்பது உள்ளே இருப்பவற்றை மூடி, சுமையையும் தாங்கும் உறை. ஸ்டெல்த் விமானத்திலோ அந்தத் தோலும் ஓர் ஆயுதம். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் விமானம் பறக்கும். எதிரியின் கண்ணில் படாமல் பறக்குமா என்பதுதான் கேள்வி.

உள்ளே ஒரு சிறு குழாய் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் விமானத்தில் மூடித்தகட்டின் திருகுகளைக் கழற்றி, கசிவைச் சரிசெய்து, தகட்டை மாட்டிவிட்டுச் சோதித்துப் பார்த்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. ஸ்டெல்த் விமானத்தில், அடிக்கடி திறப்பதற்கென்று வடிவமைக்கப்படாத ஒரு தகட்டைத் திறக்க வேண்டுமானால், முதலில் மேலுள்ள பூச்சையும் நிரப்பியையும் சுரண்டி எடுக்க வேண்டும். பழுது நீங்கியதும் அவற்றை அடுக்கடுக்காகத் திரும்பப் பூச வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இறுகும் வரை காத்திருக்க வேண்டும். குழாயைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனால், தோலைச் சரிசெய்ய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். இடைவெளியை அடைக்கும் பசையான சீலன்ட் இறுகுவதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரவுகள் எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் சீலன்டின் வேலை, எரிபொருள் ஒழுகாமல் தடுப்பதோடு நின்றுவிடும். சில மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தை யாரும் பொருட்படுத்தியதில்லை. இந்தப் பூச்சு வேலையைச் செய்பவர்கள் மூச்சுக்கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்து, காற்றும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைக்குள் நின்று செய்கிறார்கள். அமெரிக்க விமானப் படையில் இதற்கெனவே தனிப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் பிரிவு உண்டு. எந்தெந்த இடத்தில் எவ்வளவு சேதம் என்பதைக் கணினியில் பதிந்து, எல்லாக் காயங்களையும் கூட்டிப் பார்த்து, ‘இந்த விமானம் இன்னும் மறைந்து பறக்கும் தகுதியோடு இருக்கிறதா’ என்று கணக்கிடும் மென்பொருளும் அவர்களிடம் இருக்கிறது. சிறு சிறு கீறல்களை உடனுக்குடன் சரிசெய்யாமல், வரம்பை எட்டும் வரை சேர்த்துவைத்து ஒரே தடவையில் சரிசெய்வதும் இதனால் சாத்தியமாகிறது.

எல்லா ஸ்டெல்த் விமானங்களுக்கும் இந்தச் சுமை ஒரே அளவில் இல்லை. தங்கள் அட்டவணை எஃப்-22ஐயும் எஃப்-35ஐயும் ஒரே சொல்லில் அடக்கியது எனக்குச் சரியாகப் படாததற்குக் காரணம் இதுதான். எஃப்-117இல் ரேடார் அலையை உறிஞ்சும் பொருளைத் தகடுகளாக வெட்டி உடலில் ஒட்டினார்கள். பி-2 குண்டுவீச்சு விமானம் மொத்தம் 21 மட்டுமே கட்டப்பட்டது. அதன் மேற்பரப்பு ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் அவ்வளவு எளிதில் கெடக்கூடியதாக இருந்ததால், தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட ஹேங்கர்கள் (விமானக் கொட்டகைகள்) அதற்குத் தேவைப்பட்டன. எஃப்-22இல் பூச்சு கூடுதலாக உழைக்கும்படி மேம்படுத்தப்பட்டது என்றாலும், அது இன்னும் உடலின் மேல் பூசப்பட்ட ஒன்றாகவே இருந்தது. எஃப்-35 வடிவமைக்கப்பட்டபோது, உறிஞ்சும் பொருளின் ஒரு பகுதியைக் கலப்புப் பொருளாலான தோலுக்குள்ளேயே சேர்த்துச் சூளையில் வேகவைத்தார்கள். அடிக்கடி பார்க்க வேண்டிய கருவிகளை, எப்படியும் திறந்து மூட வேண்டிய ஆயுத அறை, சக்கர அறை ஆகியவற்றின் வழியே எட்டும்படி வைத்தார்கள். முந்தைய விமானங்களில் பட்ட பாட்டிலிருந்து கற்ற பாடம் இது.

அந்தச் சிரமங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பராமரிப்புத் துறையில் இருந்த எவருக்கும் அது மறக்க முடியாத செய்தி. எஃப்-22 விமானம் 2005 டிசம்பரில் படையில் பணிக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பே அதன் அலுமினியத் தகடுகளில் அரிப்பு தென்பட்டிருந்தது. பேனல்களின் இடைவெளியில் ரேடாருக்காக நிரப்பிய மின்கடத்தும் பொருளும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மழை ஈரம் நடுவே புகுந்ததும் அந்த இடம் ஒரு சிறு மின்கலம் போல ஆகி, அலுமினியத்தைத் தின்னத் தொடங்கியது. வேறுபட்ட இரண்டு பொருள்களுக்கு நடுவே ஈரம் நின்றால் அரிக்கும் என்பது தொழிற்பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். உலகின் மிக விலையுயர்ந்த போர் விமானத்தில் அந்தப் பாடம் தவறிப்போனது. இந்த அரிப்பைச் சரிசெய்ய 2016 வரை ஆகும் செலவு 22.8 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டதை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2010 அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. எஃப்-35 வடிவமைப்பாளர்கள் இதைப் படித்துச் சில மாற்றங்களைச் செய்தார்கள் என்பதும் அதே அறிக்கையில் உண்டு.

எஃப்-22இன் மற்ற கதைகளில் சில சிரிப்பை வரவழைப்பவை. 2006 ஏப்ரலில் லாங்லி விமானத் தளத்தில் ஒரு விமானத்தின் மேல்மூடி திறக்க மறுத்ததால் விமானி சுமார் ஐந்து மணி நேரம் உள்ளேயே அமர்ந்திருந்தார். கடைசியில் தீயணைப்பு வீரர்கள் ரம்பத்தால் மூடியை அறுத்து அவரை வெளியே எடுத்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், ஹவாயிலிருந்து ஜப்பானின் ஒகினாவாவுக்குப் புறப்பட்ட எஃப்-22கள் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்தபோது அவற்றின் கணினிகள் செயலிழந்தன. எரிபொருள் நிரப்பும் விமானங்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹவாய்க்கே திரும்பின. இரண்டுமே பூச்சோடு தொடர்பில்லாதவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் 2018 அக்டோபரில் ஃபுளோரிடாவின் டின்டால் தளத்தை மைக்கேல் புயல் தாக்கியபோது நேர்ந்தது சிரிப்புக்குரியதன்று. புயல் வருவது தெரிந்திருந்தும், அங்கிருந்த எஃப்-22களில் 17 விமானங்கள் பராமரிப்பில் இருந்ததால் பறந்து தப்ப முடியாமல் ஹேங்கருக்குள் விடப்பட்டன. கூரைகள் பெயர்ந்து விழுந்தன. நல்வாய்ப்பாக அவை அனைத்தும் பின்னர் சரிசெய்யப்பட்டுப் பறந்து வெளியேறின என்றாலும், பணியில் சேர்க்க மொத்தமே 187 கட்டப்பட்ட விமானத்தில் 17 என்பது சிறிய எண்ணிக்கை அன்று.

இந்த 187 என்ற எண்ணே பராமரிப்பின் இன்னொரு முகம். 2009இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் உற்பத்தியை அத்தோடு நிறுத்தினார். கடைசி விமானம் 2012இல் ஒப்படைக்கப்பட்டது. வேறு நாடுகளுக்கு விற்கவும் சட்டம் தடை விதித்திருந்தது. தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு ஒரு விமானத்துக்கு உதிரி பாகம் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்பது, பழைய வண்டி வைத்திருப்பவர் எவருக்கும் தெரியும். பாகத்தைத் தயாரித்த சிறு நிறுவனம் வேறு தொழிலுக்குப் போயிருக்கும். நூற்றுக்கணக்கில் கூட வாங்காத வாடிக்கையாளருக்காக யாரும் அச்சுகளை மீண்டும் எடுத்து வைக்க மாட்டார்கள். ஆகவே நிற்கும் ஒரு விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றிப் பறக்கும் விமானத்தில் மாட்டுகிறார்கள். நிற்கும் விமானம் அதனால் மேலும் சில காலம் நிற்கிறது. 2024 நிதியாண்டில் எஃப்-22இன் தயார்நிலை விகிதம், அதாவது பணிக்குத் தயாராக இருந்தவற்றின் பங்கு, 40.19 சதவீதம் என்று அமெரிக்க விமானப் படையின் புள்ளிவிவரம் சொல்கிறது. அதே ஆண்டில் ஸ்டெல்த் அல்லாத பழைய எஃப்-16சி 60 சதவீதத்துக்கு மேல் தயாராக இருந்தது.

எஃப்-22 ஒரு மணி நேரம் பறக்க 30 மணி நேரத்துக்கு மேல் பராமரிப்பு தேவைப்படுகிறது என்று 2009இல் அமெரிக்க நாளிதழ் ஒன்று எழுதியது. தங்கள் கட்டுரையும் அந்த எண்ணைத்தான் எடுத்தாண்டிருக்கிறது. அன்றே விமானப் படை அதை மறுத்து, அதைவிடக் குறைந்த எண்ணைச் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ‘பராமரிப்பு மணி’ என்பது எந்த வேலையைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்து நீளும், சுருங்கும். கழற்றிய ஒருவரும், பூச்சடித்த ஒருவரும், உதிரி பாகம் வரக் காத்திருந்த ஒருவரும் ஒரே கணக்கில் வருவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் இரு விமானங்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

எஃப்-35க்கு வருகிறேன். பூச்சு மேம்பட்டது, உள்ளே எட்டுவது எளிதானது, உற்பத்தியும் நிற்காமல் நடக்கிறது. 1,000க்கும் மேற்பட்டவை ஒப்படைக்கப்பட்டுவிட்டன. அப்படியானால் அது நல்ல விகிதத்தில் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்-35களில் 55 சதவீதமே பணிக்குத் தயாராக இருந்தன என்று ஜிஏஓ சொன்னது. திட்டத்தின் இலக்கு 85 முதல் 90 சதவீதம். காரணங்களைப் படித்துப் பார்த்தால், பூச்சை மட்டும் குற்றம் சொல்வது எவ்வளவு தவறு என்று புரியும். பழுதான பாகங்களைச் சரிசெய்யும் பெரிய பணிமனைகளை அமைப்பதில் பல ஆண்டுகள் தாமதம். அதனால் 10,000க்கும் மேற்பட்ட பாகங்கள் பழுதுபார்க்கும் வரிசையில் காத்திருந்தன. விமானத்தின் தொழில்நுட்பத் தரவுகள் பல உற்பத்தி நிறுவனத்தின் கையில் இருப்பதால், விமானத்தை வைத்திருக்கும் படையே தன் விமானத்தைத் தானே முழுமையாகச் சரிசெய்ய முடியாத நிலை. உதிரி பாகங்களையும் பராமரிப்புப் பதிவுகளையும் நிர்வகிக்க அமைத்த ஆலிஸ் என்ற கணினி அமைப்பு, உதவியதைவிட உபத்திரவம் செய்தது அதிகம் என்பதால் அதை மாற்றி ஓடின் என்ற வேறொன்றைக் கொண்டுவருகிறார்கள். என் பணிக்காலத்தில், பாகம் சரியாக இருந்தும் காகிதம் சரியாக இல்லாததால் விமானம் நின்ற நாள்கள் உண்டு. காகிதத்தின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது போலும்.

என்ஜின் விஷயம் இன்னும் அடிப்படையானது. எஃப்-35இன் ஒற்றை என்ஜினான எஃப்-135, விமானத்தை முன்னே தள்ளுவதோடு மின்னணுக் கருவிகளைக் குளிர்விக்கும் காற்றையும் தருகிறது. முதலில் வகுத்த அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு குளிர்ச்சியை இன்றைய கருவிகள் கேட்கின்றன. அந்தக் கூடுதல் காற்றை என்ஜினிலிருந்து எடுக்க எடுக்க, அது மேலும் சூடாக உழைத்துச் சீக்கிரம் தேய்கிறது. குறித்த காலத்துக்கு முன்பே பணிமனைக்கு வருகிறது. எதிரியின் கண்ணில் படாமல் இருக்க விமானத்தின் வெப்பத்தை உள்ளேயே அடக்கி வைக்கும் வடிவமைப்பில், அந்த வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது எப்போதுமே எளிதில் தீராத சிக்கல்.

மென்பொருளும் இப்போது பராமரிப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. டிஆர்-3 என்னும் புதிய கணினித் தொகுப்பின் மென்பொருள் தயாராகாததால் 2023 ஜூலையிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுக்குப் புதிய எஃப்-35களை ஏற்றுக்கொள்ளாமல் அமெரிக்கா நிறுத்தி வைத்தது. ‘மின்னல்’ என்று பெயர் சூட்டப்பட்ட இந்த விமானத்தின் எஃப்-35ஏ வகை, எரிபொருள் தொட்டியைப் பாதுகாக்கும் ஒரு குழாய் அமைப்பில் கண்ட குறையால் 2020இல் மின்னல் அடிக்கும் இடத்துக்கு 25 மைலுக்குள் போகக் கூடாது என்று தடை செய்யப்பட்டதை இடையே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செலவைப் பற்றித் தங்கள் கட்டுரை விமானத்தின் விலையை மட்டும் சொல்லியிருந்தது. அமெரிக்காவின் எஃப்-35களை அவற்றின் ஆயுள் முழுக்கப் பராமரித்து இயக்குவதற்கான மதிப்பீடு 2018இல் 1.1 லட்சம் கோடி டாலராக இருந்து, 2023இல் 1.58 லட்சம் கோடி டாலராக உயர்ந்தது என்று 2024 ஏப்ரலில் வெளியான ஜிஏஓ அறிக்கை கூறுகிறது. இதே காலத்தில், விமானங்களைப் பறக்கவிடத் திட்டமிட்ட மணி நேரம் குறைந்திருக்கிறது. ஒரு விமானத்துக்கு ஆண்டுக்கு 41 லட்சம் டாலருக்குள் செலவு அடங்க வேண்டும் என்று வகுத்த வரம்பை விமானப் படை 68 லட்சம் டாலராக உயர்த்திக்கொண்டது. செலவு வரம்புக்குள் வராதபோது வரம்பைச் செலவுக்கு ஏற்ப நகர்த்துவது கணக்காளர்களுக்குப் பழக்கமானதுதான்.

கடந்த 2025 ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் அவசரமாகத் தரையிறங்கிய பிரிட்டன் கடற்படையின் எஃப்-35பி விமானத்தைப் பற்றித் தமிழ் வாசகர்கள் அனைவரும் அறிவார்கள். அப்போது வெளியான கேலிச் சித்திரங்களையும் பகடிகளையும் நானும் ரசித்தேன். ஆனால் அந்த நிகழ்ச்சி எதைக் காட்டியது என்பதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு என்பது எந்த விமானத்திலும் வரக்கூடியது. அது வந்ததால் விமானம் மட்டமானது ஆகிவிடாது. தாய்க்கப்பலான ஹெச்எம்எஸ் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸிலிருந்து பிரிந்து ஒரு வெளியூர் ஓடுதளத்தில் நின்றவுடன், அதைத் தொடத் தகுதியுள்ள கைகளும், கருவிகளும், கேட்டதும் கிடைக்கும் பாகங்களும் அருகே இல்லாமல் போயின என்பதே செய்தி. ஜூலை 6 அன்று தனி விமானத்தில் பிரிட்டனிலிருந்து நிபுணர் குழு வந்த பிறகே அது ஹேங்கருக்குள் இழுத்துச் செல்லப்பட்டது. ஜூலை 22 அன்றுதான் ஆஸ்திரேலியாவின் டார்வினை நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ ஐந்தரை வாரங்கள். போர்க்களத்துக்கு அருகே அவசரமாக இறங்க நேரும் விமானத்துக்கு அவ்வளவு அவகாசத்தை யாரும் தரப்போவதில்லை.

இதற்கு நேர் எதிரான சிந்தனையில் பிறந்தது ஸ்வீடனின் கிரிப்பன். அது ஸ்டெல்த் விமானம் அன்று. நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் இறங்கி, ஒரு தொழில்நுட்பரும் குறுகிய காலப் பயிற்சி பெற்ற ஐந்து வீரர்களும் சுமார் பத்து நிமிடத்தில் எரிபொருளும் ஆயுதமும் ஏற்றி வான்சண்டைக்குத் திரும்ப அனுப்ப வேண்டும் என்பதையே கணக்காக வைத்து அதை வடிவமைத்தார்கள். அதனால் கிரிப்பன் சிறந்தது, எஃப்-35 மட்டம் என்று நான் வாதிட வரவில்லை. வலுவான வான்பாதுகாப்பு உள்ள நாட்டுக்குள் கிரிப்பன் தனியே நுழைந்து திரும்புவது கடினம். 2025 ஜூனில் ஈரானுக்குள் இஸ்ரேலின் எஃப்-35கள் சென்று வந்தன. அந்த இஸ்ரேலும் விமானத்தை வாங்கும்போதே, பெரிய பழுதுகளையும் தன் நாட்டிலேயே சரிசெய்துகொள்ளும் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. மற்ற பல நாடுகள் தங்கள் முறை வரும் வரை வரிசையில் காத்திருக்கின்றன.

தயார்நிலை விகிதம் என்ற எண்ணையும் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஒரு விமானம் தனக்கென வகுத்த பணிகளில் ஏதேனும் ஒன்றையாவது செய்ய முடிந்தால் அது ‘தயார்’ என்ற கணக்கில் வந்துவிடும். எல்லாப் பணிகளையும் செய்யக்கூடியவை அதைவிட மிகக் குறைவு. மறுபுறம், 2018இல் பாதுகாப்பு அமைச்சர் ஜேம்ஸ் மேட்டிஸ், எஃப்-16, எஃப்-18, எஃப்-22, எஃப்-35 ஆகிய நான்கும் ஓராண்டுக்குள் 80 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். எஃப்-22, எஃப்-35 இரண்டும் அதை எட்டவில்லை, ஆணையும் பின்னர் கைவிடப்பட்டது. ஆணையால் பூச்சு இறுகாது.

வேலைத்தலத்தின் அறிவு எழுத்தில் ஏறாமல் போவதன் விலைக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். 2008 பிப்ரவரி 23 அன்று குவாம் தீவில் பி-2 விமானம் ஒன்று மேலெழும்போதே விழுந்து எரிந்தது. விமானிகள் இருவரும் உயிர்தப்பினர். காற்றழுத்தத்தை அளக்கும் உணரிகளில் ஈரம் தேங்கியிருந்த நிலையில் அவற்றைத் திருத்தி அமைத்ததால் கணினிக்குப் பொய்யான வேகம் போய்ச் சேர்ந்தது. உணரிகளை முதலில் சூடாக்கிவிட்டால் ஈரம் போய்விடும் என்பது சில பராமரிப்பாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அது கையேட்டில் ஏறவில்லை, வாய்மொழியாகவே நின்றுவிட்டது. இழப்பு சுமார் 140 கோடி டாலர்.

இனி, ‘குறைவு’ என்று தாங்கள் எழுதிய இரு விமானங்கள். ஜே-20 முதலில் பறந்தது 2011 ஜனவரி 11 அன்று. படையில் சேர்ந்தது 2017இல். தொடக்கத்தில் ரஷ்ய என்ஜினோடு வந்து, பிறகு சீனாவின் சொந்த டபிள்யூஎஸ்-10 என்ஜினுக்கு மாறி, இப்போது டபிள்யூஎஸ்-15ஐ நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே விமானத்துக்கு வெவ்வேறு என்ஜின்கள் என்றால் பராமரிப்புப் பிரிவுக்கு வெவ்வேறு உதிரி பாகக் கிடங்குகளும், வெவ்வேறு பயிற்சிகளும் என்று பொருள். அதன் பூச்சு எவ்வளவு நாள் உழைக்கிறது, நூறு விமானங்களில் எத்தனை நாளைக் காலையில் பறக்கும் என்பதைச் சீன அரசு வெளியிடுவதில்லை. சீனாவில் ஜிஏஓ போன்று ஆண்டுதோறும் குறைகளைப் பட்டியலிட்டு அச்சிடும் அமைப்பும் இல்லை. சுகோய்-57 2010 ஜனவரியிலேயே பறந்தாலும், தொடர் உற்பத்தியின் முதல் விமானம் 2019 டிசம்பரில் ஒப்படைக்கும் முன்பே விழுந்து நொறுங்கியதால், 2020இன் இறுதியில்தான் படைக்கு முதல் விமானம் போய்ச் சேர்ந்தது. அது கட்டப்பட்ட எண்ணிக்கையே சிறிது. 2024 ஜூனில் உக்ரைனின் ட்ரோன்கள் அக்தூபின்ஸ்க் தளத்தைத் தாக்கியபோது, ஒரு சுகோய்-57 திறந்தவெளியில் நின்றிருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அதன் பூச்சு வெயிலையும் மழையையும் தாங்கும் என்பதால் வெளியே நிறுத்தினார்களா, அல்லது உள்ளே நிறுத்தப் போதிய ஹேங்கர்கள் இல்லாததால் நிறுத்தினார்களா என்பதை அந்தப் படத்திலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

மருத்துவரிடம் போகாதவரின் கோப்பில் நோய் எதுவும் எழுதப்பட்டிருக்காது. அதைக் கொண்டு அவர் நலமாக இருக்கிறார் என்று சான்றிதழ் தருவதில்லை. அமெரிக்க விமானங்களின் பழுதுகள் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவற்றைத் தணிக்கை செய்து பொதுமக்களின் பார்வைக்கு வைக்கும் கட்டாயம் அந்நாட்டில் இருப்பதுதான். ஒரே அட்டவணையில் ஒரு பக்கம் தணிக்கை அறிக்கையையும் மறுபக்கம் மௌனத்தையும் வைத்து ஒப்பிட்டால், மௌனம் காப்பவரே ஒவ்வொரு முறையும் வெல்வார்.

ஆகவே தங்களிடம் என் கோரிக்கை இதுதான். கட்டுரையின் இணையப் பதிப்பில் அந்த வரிசையைத் திருத்த இயலுமானால், எஃப்-22, எஃப்-35 ஆகியவற்றின் கீழ் ‘மிக அதிகம்’ என்பதற்குப் பதிலாக 2024 நிதியாண்டின் தயார்நிலை விகிதத்தை இடலாம், எஃப்-22க்கு 40.19, எஃப்-35ஏக்கு 51.5 சதவீதம். ஜே-20, சுகோய்-57 ஆகிய இரண்டின் கீழும் ‘தகவல் வெளியிடப்படவில்லை’ என்று இடலாம். கட்டம் சற்று அகலமாக வேண்டியிருக்கும். ஆனால் அச்சிட்ட நான்கு கட்டங்களும் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர்